பதினாறு குதிரை பூட்டிய குட்டி யானை

1925 ஏப்ரலில் ஃபோர்டு நிறுவனம் தன் மாடல் டி காரின் பின்பக்கம் ஒரு இரும்புத் தொட்டியை வைத்து, ஆலையிலிருந்தே நேராக விற்கத் தொடங்கியது. விலை 281 டாலர். 2.9 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், 20 குதிரைத்திறன். அமெரிக்க பிக்கப் டிரக்கின் தொடக்கமாகப் பலரும் காட்டுவது இந்த வண்டியைத்தான். சரியாக எண்பது ஆண்டு கழித்து, 2005 மே மாதம், டாட்டா மோட்டார்ஸ் ஏஸ் என்ற சின்ன லோடு வண்டியை இந்தியச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 702 சி.சி. டீசல் எஞ்சின், இரண்டே சிலிண்டர், 16 குதிரைத்திறன். எண்பது ஆண்டு கழித்து வந்த வண்டிக்கு நாலு குதிரை குறைவு. அந்த வண்டியைத்தான் கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் குட்டி யானை என்று கூப்பிடுகிறோம்.

பவர் குறைந்தது பின்னடைவு என்று நினைத்தால் கதை பிடிபடாது. அமெரிக்காவில் எஞ்சின் பெருக்கப் பெருக்க, பிக்கப் பண்ணையை விட்டுக் கிளம்பி வீட்டு வாசலுக்கு வந்து குடும்ப வண்டியாகிவிட்டது. இங்கே எஞ்சின் சிறுத்தது. சிறுத்ததால்தான் நேற்றுவரை கிளீனராக இருந்தவர் ஆர்.சி. புத்தகத்தில் தன் பெயரைப் பார்த்தார்.

அங்கே நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம். 1932-ல் ஃபோர்டு மலிவு விலையில் வி-8 எஞ்சினைக் கொடுத்தது, 65 குதிரைத்திறன். 1948-ல் எஃப் வரிசை வந்தது. 1964-ல் ஐரோப்பா அமெரிக்கக் கோழிக்கு வரி போட்டதற்குப் பதிலடியாக, வெளிநாட்டுச் சின்ன டிரக்குகளுக்கு அமெரிக்கா 25 சதவீத வரி போட்டது. கோழிச் சண்டை முடிந்துவிட்டது, டிரக் வரி மட்டும் நிலைத்துவிட்டது. டெட்ராய்ட் ஆலைகளுக்கு உள்ளூரில் போட்டி குறைந்தது. 1975-ல் இன்னொரு வேடிக்கை. புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கட்டாயமாக்கப்பட்டபோது, மொத்த எடை 6,000 பவுண்டைத் தாண்டிய வண்டிகளுக்கு விலக்கு இருந்தது. அந்தக் கோட்டைக் கொஞ்சமே தாண்டி நிற்கும்படி ஃபோர்டு ஒரு வண்டியைச் செய்தது. அதுதான் எஃப்-150. சட்டத்திலிருந்து தப்பிக்க வண்டியின் எடையைக் கூட்டினார்கள். 1977 முதல் எஃப் வரிசைதான் அந்த நாட்டில் அதிகம் விற்கும் டிரக். 2011-ல் 3.5 லிட்டர் வி-6 எஞ்சினில் இரண்டு டர்போ பூட்டி 365 குதிரைத்திறன் எடுத்தார்கள். பிறகு வந்த ராப்டர் ஆர் என்ற வகையில் 700. கடைக்குப் போய் நாலு பை காய்கறி வாங்கிவர 700 குதிரை எதற்கு என்று நாம் கேட்கலாம், வாங்குகிறவர்கள் கேட்பதில்லை.

இனி நம் பக்கம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ராணுவம் கழித்துவிட்ட அமெரிக்க லாரிகள் இந்தியச் சாலைகளில் பாரம் இழுக்க வந்தன. ஷெவர்லே, ஃபோர்டு, டாட்ஜ். அதன்பின் பம்பாயில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், கிரைஸ்லர் உரிமத்தில் டாட்ஜ், ஃபார்கோ லாரிகளைச் செய்தது. எல்லாம் பெட்ரோலைக் குடிக்கும் ஜாதி. சென்னை செம்பியத்தில் சிம்சன் நிறுவனம் 1950-களின் தொடக்கத்தில் பெர்கின்ஸ் டீசல் எஞ்சின்களைச் செய்யத் தொடங்கியது இதற்கு ஒரு விடிவு. அமெரிக்க லாரியின் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றிவிட்டு, ஆறு சிலிண்டர் பெர்கின்ஸ் டீசலைப் பொருத்துவது அந்தக் காலத்துப் பட்டறைகளில் ஒரு தனித் தொழில். உடம்பு அமெரிக்கா, இதயம் இங்கிலாந்து, செய்தது செம்பியம்.

எண்ணூரில் 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் முதலில் ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டியது. 1950-ல் லேலண்டுடன் கைகோத்து, 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. அங்கிருந்து வெளியே வந்தவை பெரிய லாரிகளும் பஸ்களும். சின்ன லோடுக்கென்று ஒரு வண்டியை எண்ணூர் யோசிக்கவே பல பத்தாண்டுகள் ஆயின.

சின்ன லோடு வண்டி என்று சொல்ல அப்போது இருந்தவற்றில் ஒன்று, பச்சை அமெரிக்க வடிவம். வில்லிஸ் ஜீப்பை 1940-களின் கடைசியிலிருந்து பூட்டிவந்த மஹிந்திரா, 1960-களில் ஜீப்பின் எஃப்.சி. என்ற தட்டை மூக்கு டிரக்கையும் செய்தது. ஓட்டுநர் எஞ்சின் மேலேயே உட்கார்ந்து ஓட்டும் வண்டி. 1956-ல் அமெரிக்காவில் அறிமுகமாகி, பத்து ஆண்டுக்குள் அங்கே மறைந்துபோன வடிவம் நம் ஊரில் இன்னும் பல பத்தாண்டு உழைத்தது. பெட்ரோல் விலை ஏறியதும் மஹிந்திரா தன் ஜீப்புகளுக்கு டீசல் தேடியது. முதலில் கைக்குக் கிடைத்தது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் டிராக்டர் எஞ்சின். அமெரிக்கக் கம்பெனியின் டிராக்டர் எஞ்சினை அமெரிக்க ஜீப்பில் வைத்து இந்திய டீசலில் ஓட்டினார்கள். உழுவதற்குப் பிறந்த எஞ்சின், சாலையில் அதே வேகத்தில்தான் போகும். அதன்பிறகு பிரான்ஸின் பெஜோ டீசல் வந்தது.

அடுத்தது டெம்போ. பஜாஜ் டெம்போவின் மூன்று சக்கர வண்டி ஜெர்மன் மூலம். பின்னால் வந்த மெட்டடோர் வேனும் அப்படியே. எந்தக் கம்பெனியின் வண்டியானாலும் சின்ன லோடு வண்டி என்றால் டெம்போ என்று சொல்லும் பழக்கம் வடசென்னையில் இன்றும் உண்டு. 1980-களில் ஜப்பானியர்கள் மொத்தமாக வந்தார்கள்: ஸ்வராஜ் மஸ்தா, டி.சி.எம். டொயோட்டா, ஐஷர் மிட்சுபிஷி, ஆல்வின் நிஸான். 1986-ல் டாட்டா 407-ஐ இறக்கி அவர்களை ஓரங்கட்டியது. 407 இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும் நல்ல வண்டி. ஆனால் ஒற்றை ஆள் கடன் வாங்கி வாங்கும் வண்டி அல்ல.

இந்தக் காலத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஆலைகள் பெருகின. உருக்காலை, கம்பி ஆலை, ரசாயனம், வார்ப்படம் என்று ஒவ்வொன்றாக வந்தன. பெரிய ஆலைக்குச் சரக்குப் போக்குவரத்து ஒரு சிக்கலே இல்லை. லாரி வரும், முழு லோடு ஏறும், கிளம்பும். சிக்கல் சின்னப் பட்டறைக்காரருக்கு. நானூறு கிலோ வார்ப்படத்தை அம்பத்தூருக்கு அனுப்ப வேண்டும் என்றால், அவருக்கு என்ன வழி? புக்கிங் ஆபீஸில் போட்டுவிட்டு, பார்ட் லோடு சேரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரம் என்றால் ஒரு 407-ஐ முழு வாடகைக்குப் பிடித்து, முக்கால் வண்டி காற்றை ஏற்றி அனுப்ப வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மூன்று சக்கர டெம்போ, ஜி.என்.டி. சாலையில் லாரிகளுக்கு நடுவே, கவரைப்பேட்டை, காரனோடை, செங்குன்றம் என்று உருண்டு போய்ச் சேரும்.

லாரி யாருடையது? பெரும்பாலும் ஓட்டுகிறவருடையது இல்லை. 1954-ல் சென்னையில் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ், 1979-ல் தொடங்கிய ஸ்ரீராம் டிரான்ஸ்போர்ட் ஃபைனான்ஸ் போன்றவை லாரிக்குத் தவணைக் கடன் கொடுத்து ஒரு முதலாளி வர்க்கத்தையே உருவாக்கின. ஸ்ரீராம் பழைய லாரிக்கே கடன் கொடுத்து ஓட்டுநர்களை முதலாளியாக்கியது என்பதும் உண்மை. இருந்தும் லாரி லாரிதான். முன்பணம், நேஷனல் பெர்மிட், டயர், இன்ஷூரன்ஸ், இரண்டு ஆள் படி. கிளீனராகச் சேர்ந்தவர் ஓட்டுநராக ஏழெட்டு ஆண்டு ஆகும். முதலாளியாக ஒரு பிறவி போதாது.

அந்தக் கால எஞ்சினுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எதையும் ஒளிக்காது. டீசல் தீர்ந்து ஏர் லாக் ஆனால், பம்பின் போல்டை நெகிழ்த்தி, காற்றைக் கையால் அடித்து வெளியேற்றிவிட்டுக் கிளம்பலாம். கறுப்புப் புகை வந்தால் நாசிலில் கோளாறு, நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது, வெள்ளைப் புகை என்றால் ஹெட் கேஸ்கெட் பக்கம் பார் என்று, புகையின் நிறத்தை வைத்தே மெக்கானிக் நாடி பிடிப்பார். செங்குன்றத்திலும் மாதவரத்திலும் பம்பு நாசில் கடைகள் வரிசையாக இருந்த காலம். லாரி ஷெட்டில் எடுபிடியாகச் சேர்ந்த பையன் பத்தாண்டில் எஞ்சினை முழுதாக இறக்கி ரீபோர் செய்து ஏற்றிவிடுவான். புத்தகம் தேவைப்படவில்லை. புகையை மட்டும் ஊர் முழுக்கச் சுவாசித்தது. அதைப் பற்றி யாரும் கணக்கு வைக்கவில்லை.

2005-க்கு வருவோம். ஏஸின் எஞ்சினைப் புரிந்துகொள்ள எளிய வழி, இண்டிகா காரின் 1,405 சி.சி. நாலு சிலிண்டர் டீசலை நினைத்துக்கொள்வது. அதைப் பாதியாக வெட்டினால் 702 சி.சி., இரண்டு சிலிண்டர். பாதியாக வெட்டியதன் பலனும் பாவமும் வண்டியில் தெரியும். சிலிண்டர் குறைந்தால் துடிப்பு கூடும். சிக்னலில் நிற்கும்போது ஓட்டுநரின் பல் ஆடும். ஆனால் டீசல் குடிப்பதும் பாதி. மாடல் டி-யின் 2.9 லிட்டரோடு இதை ஒப்பிட்டால் எஞ்சின் கலை எங்கே போயிருக்கிறது என்று தெரியும். அந்த ஃபோர்டு எஞ்சின் உள்ளே இழுத்த காற்றையும் பெட்ரோலையும் சுமார் நாலு மடங்குதான் அழுத்தியது. டீசல் எஞ்சின் காற்றை இருபது மடங்கு அளவுக்கு அழுத்துகிறது. அழுத்தம் கூடக்கூட அதே எரிபொருளிலிருந்து கூடுதல் வேலை கிடைக்கும். அதனால் நாலில் ஒரு பங்கு எஞ்சின் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது. ஃபோர்டுக்கு முன்னோக்கிப் போக இரண்டே கியர், ஏஸுக்கு நாலு. இழுவை குறைந்ததை கியர் சரிக்கட்டியது. வேகம் குறைவு. கும்மிடிப்பூண்டிக்கும் மாதவரத்துக்கும் நடுவே வேகத்தை யார் கேட்டார்கள்?

750 கிலோ பாரம், விலை சுமார் ₹2.25 லட்சம். மூன்று சக்கர வண்டிக்குக் கொஞ்சமே மேலே. நாலு சக்கர வண்டி வைத்திருந்தால் பெண் கொடுப்பார்கள் என்று ஒரு மூன்று சக்கர ஓட்டுநர் டாட்டாவின் பொறியாளர்களிடம் சொன்னதாக ஒரு கதை உண்டு. நடந்ததோ இல்லையோ, நம் பக்கத்துக்கு அது பொருந்துகிறது.

வண்டியை ஓடவைத்தது எஞ்சின் மட்டும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 66-வது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது: மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் வேண்டாம். ஏஸின் மொத்த எடை 1,550 கிலோ. அதாவது பெர்மிட்டுக்காக ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டாம், புரோக்கருக்குக் கொடுக்க வேண்டாம். அமெரிக்கக்காரன் ஒரு கோட்டைத் தாண்டி மேலே போய்ச் சட்டத்திலிருந்து தப்பித்தான் என்று சொன்னேன் அல்லவா? நம்மவர்கள் கோட்டுக்குக் கீழே நின்று தப்பித்தார்கள். அங்கே சட்டம் வண்டியைப் பெருக்க வைத்தது, இங்கே சிறுக்க வைத்தது. எஞ்சினின் வரலாற்றை எழுதுகிறவர்கள் பிஸ்டனை அளக்கும் அக்கறையில் பாதியையாவது இந்தக் கோடுகள் மேல் காட்டலாம்.

லைசென்ஸிலும் ஒரு கதவு திறந்தது. 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிகளை, சாதாரண இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவரே ஓட்டலாம், தனியாகப் பேட்ஜ் வேண்டாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை உறுதிசெய்தது. கார் ஓட்டத் தெரிந்தவர் மறுநாளே லோடு அடிக்கலாம்.

பெரிய லாரிகள் பகலில் சென்னை நகருக்குள் நுழைய முடியாததும் குட்டி யானைக்கு யோகமாயிற்று. மாதவரத்தில் லாரி நிற்கும். சரக்கு சின்ன வண்டிகளுக்கு மாறும். அவை சவுகார்பேட்டை சந்துவரை போகும். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, செங்குன்றம், திருவள்ளூர் எங்கும் இன்று வண்டி ஸ்டாண்டுகள் இருக்கின்றன. விடியற்காலையில் பழவேற்காட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் மீன், பிறகு செங்குன்றம் அரிசி மண்டியிலிருந்து மூட்டை, பகலில் கேன் தண்ணீர், மாலையில் வீடு மாற்றும் சாமான், முகூர்த்த நாளில் சீர்வரிசை. காற்றை ஏற்றி 407 அனுப்பிய பட்டறைக்காரர் இப்போது போன் போட்டால் அரைமணியில் வண்டி வாசலில் நிற்கிறது. ஏஸ் வகை வண்டிகளின் விற்பனை 2017-லேயே 20 லட்சத்தைத் தாண்டியது.

அந்த வெற்றியின் அழுக்கையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 750 கிலோ வண்டியில் ஒன்றரை டன் ஏறுவதைத் தினமும் பார்க்கலாம். வாங்கிய வாரமே பட்டறையில் விட்டு, கமான் கட்டில் கூடுதலாக இரண்டு பட்டை போட்டுவிடுகிறார்கள். பிரேக்குக்கு யாரும் பட்டை போடுவதில்லை. கும்மிடிப்பூண்டி ஆலைக் கம்பிகள் வண்டிக்கு வெளியே பத்தடி நீட்டிக்கொண்டு, நுனியில் ஒரு சிவப்புத் துணியோடு போகின்றன. அப்படி ஏற்றக் கூடாது என்று விதி மாறி ஆண்டுகள் பல ஆகின்றன. இதையெல்லாம்விட மோசம், லோடு ஏற்றும் தொட்டியில் ஆட்களை ஏற்றுவது. நடவு வேலைக்கும் செங்கல் சூளைக்கும் கோயில் திருவிழாவுக்கும் பெண்களும் குழந்தைகளும் நின்றுகொண்டே போகிறார்கள். வண்டி கவிழ்ந்தால் அவர்களைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. இந்த வண்டி மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும் அதை மன்னிக்க முடியாது.

2011-ல் எண்ணூர்க் கம்பெனி ஒருவழியாக விழித்துக்கொண்டது. அசோக் லேலண்டும் நிஸானும் சேர்ந்து தோஸ்த் என்ற வண்டியைக் கொண்டுவந்தன, செய்தது ஓசூரில். ஒன்றேகால் டன் பாரம், 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், காமன் ரெயில் டீசல், சுமார் 55 குதிரைத்திறன். எண்பதுகளில் டாட்டாவிடம் தோற்றுப்போன நிஸான் வேறு வாசல் வழியாக உள்ளே வந்தது என்றும் சொல்லலாம். 2016-ல் அந்தக் கூட்டு முறிந்தது. நிஸானின் பங்கை லேலண்டே வாங்கிக்கொண்டது. 2020-ல் வந்த படா தோஸ்தில் ஏறக்குறைய அதே அளவு எஞ்சின் 80 குதிரைத்திறன் தருகிறது. எஞ்சினைப் பெரிதாக்காமல் திறனைக் கூட்டும் கலை: டர்போ காற்றை அழுத்தித் திணிக்கிறது, காமன் ரெயில் டீசலைத் துல்லியமாகப் பீய்ச்சுகிறது. மஹிந்திராவின் பொலேரோ பிக்கப்பும் இந்தப் பக்கம் நிறைய ஓடுகிறது. கிராமத்துச் சாலைக்கு அதுவே தோது என்று நினைப்பவர்கள் அதிகம்.

அமெரிக்கச் சாயல் உள்ள, மூக்கு நீண்ட, நாலு கதவு பிக்கப்? அதுவும் இந்த மாவட்டத்தில்தான் பிறந்தது. திருவள்ளூரில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் கார் ஆலை இருந்தது. 1998 முதல் மிட்சுபிஷி லான்சர் அங்கேதான் உருவானது, பிறகு பஜேரோ. கார் விற்பனை தேய்ந்தபோது ஜப்பானின் இசுஸு 2013-ல் அந்த ஆலையில் தன் டி-மேக்ஸ் பிக்கப்பைப் பூட்டத் தொடங்கியது. 2016 ஏப்ரலில், ஆரம்பாக்கம் தாண்டி ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டியில் இசுஸுவின் சொந்த ஆலை திறக்கப்பட்டது. எஞ்சின் பூட்டும் வேலையும் பின்னர் அங்கேயே வந்தது. சொந்த உபயோகத்துக்கான டி-மேக்ஸ் வி-கிராஸில் முதலில் 2.5 லிட்டர் டீசல், 134 குதிரைத்திறன். இப்போது 1.9 லிட்டரில் 163. இந்த வண்டியை நெடுஞ்சாலையில் எப்போதாவது பார்க்கலாம். தொட்டியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. அமெரிக்கப் பழக்கத்தின் ஒரு சின்ன நகல்.

டாலர் தேசத்து நிஜ டிரக் வேண்டுமென்றால் அதே திருவள்ளூரில் பார்க்கலாம், ஆனால் சாலையில் ஓடாது. 1970-களில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் தொடங்கிய மண் அள்ளும் இயந்திர ஆலை இன்று கேட்டர்பில்லரிடம் இருக்கிறது. சுரங்கங்களில் பாறை சுமக்கும் ராட்சத டிரக்குகள் அங்கே தயாராகின்றன. ஒரு மனிதனின் உயரத்தைத் தாண்டிய டயர்கள். குட்டி யானையும் ராட்சத யானையும் ஒரே மாவட்டத்துப் பதிவேட்டில் இருப்பது வேடிக்கைதான். அமெரிக்க பிக்கப்புக்கும் இந்தியாவுக்கும் வேறொரு நூலும் உண்டு: ஃபோர்டு இந்தியாவில் கார் செய்வதை நிறுத்துவதாக 2021-ல் அறிவித்தபோதும், குஜராத்தின் சனந்த் ஆலையில் ரேஞ்சர் பிக்கப்புக்கான எஞ்சினை ஏற்றுமதிக்காகச் செய்வதை நிறுத்தவில்லை.

பிறகு வந்தது பி.எஸ்.6 என்ற புகை விதி.

2017 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.3 வண்டிகளை விற்கக் கூடாது என்றும், 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.4 கூடாது என்றும் உச்ச நீதிமன்றம் கறாராக நின்றது. டீசலில் இருக்கும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. மணலி சுத்திகரிப்பு ஆலையும் அதற்கேற்ப மாறியது. அமெரிக்க அமாகோ நிறுவனமும் ஈரானியர்களும் பங்குதாரர்களாக இருந்து 1960-களில் தொடங்கிய அதே ஆலை. மணலியும் எண்ணூரும் சுவாசிக்கும் காற்றின் கதை தெரிந்தவர்கள் இந்த விதியைக் குறை சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை.

ஆனால் எஞ்சினின் குணம் மாறிவிட்டது. புகையை வைத்து நாடி பார்த்த மெக்கானிக்குக்குப் புகையே இல்லை. சைலன்சருக்கு முன்னால் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி. அது நிறைந்தால் எஞ்சினே கூடுதல் சூட்டை உண்டாக்கி அந்தக் கரியை எரித்துக்கொள்ள வேண்டும். அப்படி எரிய வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல், ஒரே சீராக ஓட வேண்டும். சிப்காட்டிலிருந்து ரயில் நிலையம், அங்கிருந்து கவரைப்பேட்டை, நடுவே அரைமணி நேரம் எஞ்சினை ஓடவிட்டபடி லோடு இறக்குவது என்று ஓடும் வண்டிக்கு அந்தச் சீரான ஓட்டம் வாய்ப்பதில்லை. கரி அடைக்கிறது, டேஷ்போர்டில் செக் லைட் எரிகிறது, எஞ்சின் தானாகவே பவரைக் குறைத்துக்கொண்டு நொண்டுகிறது. போல்டை நெகிழ்த்தி ஒன்றும் ஆகாது. ஸ்கேனர் வேண்டும். ஸ்கேனர் கம்பெனி சர்வீஸ் சென்டரில் இருக்கிறது. அங்கே வரிசை இருக்கிறது. வண்டி இரண்டு நாள் நின்றால், மாதக் கடைசியில் டியூ கட்ட இரண்டு நாள் வாடகை குறையும். மூன்று டியூ தவறினால் ஃபைனான்ஸ்காரர் வண்டியைத் தூக்கிவிடுவார். சென்சார் ஒன்றின் விலை ஒரு குடும்பத்தின் கடன் கணக்கு வரை போய் இடிக்கிறது.

கம்பெனிகளுக்கும் இது தெரியும். ஒரு டன்னுக்குக் கீழான வண்டிகளில் டீசலை விட்டுப் பெட்ரோலுக்கும் சி.என்.ஜி.க்கும் போகும் போக்கு அதனால்தான். பி.எஸ்.6-க்குப் பிறகு வந்த பெட்ரோல் ஏஸில் 694 சி.சி., 30 குதிரைத்திறன். 1925-ன் ஃபோர்டைக் குட்டி யானை ஒருவழியாக முந்திவிட்டது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயிலின் திரவ எரிவாயு முனையம் 2019-ல் செயல்பாட்டுக்கு வந்தது. சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களில் எரிவாயு விநியோக உரிமம் பெற்ற டொரண்ட் கேஸின் சி.என்.ஜி. பங்க்குகளில் இப்போது லோடு வண்டிகள் நிற்கின்றன.

அதற்கும் அடுத்த படி பொன்னேரியில் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. முருகப்பா குழுமத்தின் மோன்ட்ரா எலக்ட்ரிக், ஈவியேட்டர் என்ற மின்சார லோடு வண்டியை 2025-ல் அறிமுகப்படுத்தியது. தயாராவது பொன்னேரி ஆலையில். மொத்த எடை 3.5 டன். அப்படியானால் 3,000 கிலோ கோட்டைத் தாண்டிவிட்டதே, பெர்மிட் வேண்டுமே என்று கேட்கலாம். வேண்டாம். மின்கலத்தில் ஓடும் வாடகை வண்டிகளுக்குப் பெர்மிட் தேவையில்லை என்று மத்திய அரசு 2018-லேயே அறிவித்துவிட்டது. மறுபடியும் சட்டத்தின் ஒரு கோடு, மறுபடியும் அதை ஒட்டி ஒரு வண்டி.

மின்சார வண்டியில் பிஸ்டன் இல்லை, நாசில் இல்லை, ஆயில் மாற்ற வேண்டாம். ஓட்டச் செலவு குறைவு, விலை அதிகம். அதனால் இப்போதைக்கு அவற்றை வாங்குவதில் முன்னால் நிற்பவை கூரியர், இணைய வணிக நிறுவனங்களுக்கு ஓட்டும் பெரிய கம்பெனிகள். பத்து, ஐம்பது, நூறு என்று மொத்தமாக வாங்கி, சம்பள ஓட்டுநர்களை வைத்து ஓட்டுகிறார்கள். குட்டி யானை இருபது ஆண்டில் கிளீனரை முதலாளியாக்கியது. அடுத்த எஞ்சின் அவரைத் திரும்பச் சம்பளக்காரராக்கும் வாய்ப்பு நிஜமாகவே இருக்கிறது. எனக்கு அதில்தான் கவலை. மின்சாரம் வருவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை.

செய்யக்கூடியது ஒன்று உண்டு. பழுது பார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் ஒரு இணையவாசலைத் திறந்தது. வாகனங்களும் அதில் ஒரு பிரிவு. ஒப்புக்கு இருக்கும் கையேடுகளோடு அது நிற்கக் கூடாது. பி.எஸ்.6 வண்டிகளின் பழுதுக் குறிகளையும், ஸ்கேனர் மென்பொருளையும், மின்சார வண்டியின் பேட்டரித் தகவல்களையும் நியாயமான கட்டணத்தில் தெருவோர மெக்கானிக்குக்குக் கிடைக்கும்படி செய்ய வேண்டும். அம்பத்தூரிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருக்கும் அரசு ஐ.டி.ஐ.க்கள், ஷெட்டில் ஏற்கெனவே வேலை செய்யும் நாற்பது வயதுக்காரர்களுக்கு மாலை நேரத்தில் மூன்று மாத ஸ்கேனர் வகுப்பு நடத்த வேண்டும். படிப்புச் சான்றிதழ் கேட்காமல் சேர்க்க வேண்டும். சிப்காட்டில் சின்னப் பட்டறை வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: அடுத்த முறை லோடு அனுப்பும்போது வாடகையில் நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசுவதற்கு முன், வண்டி தாங்கும் எடையை மட்டும் ஏற்றுங்கள்.